எமிஸில் இல்லாத கட்டம்

"கவர்மெண்டு பள்ளிக்கூடத்துல தரம் இல்லீங்க தம்பி."

டெல்டாவில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும், இரண்டாவது வாய் டீ உள்ளே போவதற்குள் இந்தத் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்புச் சொல்பவரைக் கவனியுங்கள். வெள்ளை வேட்டி, ஆற்றுப் பாசனத்தில் பத்துப் பன்னிரண்டு ஏக்கர், ரைஸ்மில்லில் ஒரு பங்கு. அவர் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. பேரனும் படிக்கவில்லை. தம்பி மகன், மச்சான் மகள், பக்கத்து வீட்டுக் கடைக்குட்டி, யாரும் அங்கே இல்லை. அவர் கடைசியாக அந்த வாசலை மிதித்தது ஓட்டுப் போடுவதற்கு. ஆனாலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. ஊர்ப் பெரியவருக்கு எல்லாம் தெரியும்.

வகுத்தல் வராத அந்தப் பிள்ளையின் அம்மாதான் அன்று காலையிலிருந்து அவர் வயலில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதிக் கூலியை நீட்டும் கணக்கு மட்டும் அவருக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

காலை ஏழரைக்குள் ஊர்ச்சாலைகளில் மஞ்சள் வேன்கள் இறங்கிவிடும். கும்பகோணத்துப் பள்ளி வேன் ஒன்று, மன்னார்குடி வேன் இரண்டு, பாபநாசத்திலிருந்து புதிதாக வந்த ஒன்று. வாய்க்கால் மதகில் எதிரெதிராக வந்து, யார் பின்னால் போவது என்று ஹாரனிலேயே சண்டை போட்டுக்கொள்ளும். அரை மணி நேரத்தில் ஊரில் பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதிப் பாதி நடந்து வரும். அவர்கள் வந்து சேரும் இடத்துக்கு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி என்று பெயர். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை.

இந்த அள்ளல் ஒரே ஆண்டில் நடந்துவிடவில்லை. முதலில் அக்ரகாரம் போனது. அது பள்ளியோடு ஊரையும் விட்டுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்து மேலத்தெரு. பிறகு உரக்கடைக்காரர், அரிசி மண்டிக்காரர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர். சிங்கப்பூர்ப் பணமும் குவைத்துப் பணமும் வரத் தொடங்கியதும் குடியானத்தெருவின் மீதி வீடுகள். கடைசியாக, அந்தப் பள்ளியிலேயே பாடம் நடத்துகிற ஆசிரியர்களின் பிள்ளைகள். கடைசியாக என்றது ஒரு மரியாதைக்குத்தான். பல ஊர்களில் முதல் வேனில் முன் சீட்டு அவர்களுடையது.

மிச்சம் யார்? நடவு நடுகிறவர், களை பறிக்கிறவர், செங்கல் சூளைக்குப் போகிறவர், கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். காலனிப் பிள்ளைகள். அப்பன் திருப்பூருக்குப் போனவன் திரும்பாத வீட்டுப் பிள்ளைகள். அப்புறம், ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வேனுக்குக் கட்ட முடியும் என்ற வீட்டில் அண்ணன் வேனில் ஏறிய பிறகு கையாட்டிவிட்டு நடந்து வரும் தங்கச்சி.

காலனிப் பிள்ளைகள் இரண்டு பெஞ்சு கூடினால் தெருப் பிள்ளைகள் நாலு பெஞ்சு குறையும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இங்கிலீஷ் மீடியம் வேணுங்க" என்பார்கள். 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. "எல்கேஜி இல்லீங்களே" என்பார்கள். 2019 ஜனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜியும் யுகேஜியும் தொடங்கினார்கள். இங்கிலீஷும் வந்தது, எல்கேஜியும் வந்தது, வேன் மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் சொல்லாத காரணம் ஒன்று இருந்திருக்கிறது. அதன் கழுத்துக்கு டை கட்டி, காலுக்கு ஷூ மாட்டி, 'டிசிப்ளின்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கொஞ்சம் நெருக்கிக் கேட்டால், குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "நீங்களே சொல்லுங்க, நம்ம புள்ள அங்க யாரோட உக்காரும்?"

1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. மறு ஆண்டே காமராஜர் அதைத் தூக்கிப் போட்டார். எழுபது ஆண்டுகளில் நாம் எவ்வளவு நாகரிகமாகிவிட்டோம் பாருங்கள். சட்டம் வேண்டாம், அரசாணை வேண்டாம், எந்தக் கட்சியும் கெட்ட பேர் வாங்க வேண்டாம். ஆளுக்கொரு வேன் பிடித்து அதே காரியத்தை முழு நாளாகவே முடித்துவிட்டோம்.

யார் படிக்கிறார்கள் என்று எண்ணும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாவட்டத்துக்கு எத்தனை பள்ளி, எத்தனை மாணவர் என்று எல்லாக் கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். அனுப்பிய படிவத்தில் கட்டங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியார், முசல்மான். தஞ்சைக் கலெக்டர் 884 பள்ளிகள் என்று கணக்கு அனுப்பினார். காந்தியவாதியான தரம்பால் இந்தக் கடிதங்களை எல்லாம் திரட்டி 1983-ல் புத்தகமாகப் போட்டார். அன்றைக்கே நம்மிடம் இத்தனை பள்ளிகள் என்று பெருமைப்பட அந்த எண்ணைப் பலர் மேடையில் எடுப்பதுண்டு. சேற்றில் நின்று அந்த 884 பள்ளிகளுக்கும் நெல் விளைவித்தவனின் பிள்ளை, 'மற்ற எல்லாச் சாதியார்' என்ற கட்டத்துக்குள் வந்தானா, அதற்கும் வெளியே நின்றானா என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு மன்றோ இல்லை, எமிஸ் என்ற கல்வித்துறைக் கணினிப் பதிவேடு இருக்கிறது. பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் அதற்கு ஓர் எண் விழும். சாதி, உட்சாதி, மதம், தாய்மொழி, ரத்த வகை, உயரம், எடை, அப்பா தொழில், அம்மா தொழில், ஆண்டு வருமானம், ஆதார், வங்கிக் கணக்கு. ஓசி, பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று சாதிக்குத் தனித்தனிக் கட்டம். எமிஸில் ஏற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில் பாடம் நடத்துகிறோம் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைக்கூட அது சும்மா விடாது. 'காமன் பூல்' என்றொரு பட்டியலுக்குத் தள்ளிவிட்டு, வேறு எந்தப் பள்ளியாவது எடுத்துக்கொள்ளும் வரை அந்த எண்ணை அங்கேயே மிதக்க விடும்.

சாதிக் கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி ஒரு கூட்டம் கிளம்பும். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. அந்தக் கட்டம் இருப்பதால்தான் உதவித்தொகை வருகிறது, இடஒதுக்கீடு நிற்கிறது, இந்தப் பள்ளியில் எழுபது பிள்ளைக்கு அறுபது பிள்ளை ஒரே பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது என்ற உண்மையும் தெரிகிறது. எனக்கு ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணியாயிற்று, அளக்க வேண்டாமா? அளக்கிறார்கள். தேசிய அடைவுத் தேர்வு, மாநில அடைவுத் தேர்வு, தொண்டு நிறுவனத்தின் ஏசர் ஆய்வு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கிறதா, எட்டாம் வகுப்புப் பிள்ளை மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கிறதா என்று பார்த்து, சதவீதம் போட்டு, பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிட்டு, டிவியில் நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிடுவார்கள். 2021-ல் நடந்ததை மட்டும் ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பூட்டிய தொடக்க, நடுநிலை வகுப்புகளைத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-ல் திறந்தார்கள். தேசிய அடைவுத் தேர்வு நடந்தது நவம்பர் 12. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை இரண்டாம் வகுப்பின் வாசலையே பார்த்ததில்லை. செல்போன் இருந்த வீட்டுப் பிள்ளை செல்போனில் படித்தது. செல்போனோடு அப்பன் வேலைக்குப் போய்விட்ட வீட்டுப் பிள்ளை, அம்மாவோடு வயலுக்குப் போனது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எங்கே, நீ எவ்வளவு கற்றிருக்கிறாய் என்று தேசமே கேட்டது.

எங்கள் பக்கத்து விவசாயிக்கு இந்தச் சடங்கு புதிதாகத் தெரியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இதேதான் நடக்கிறது. மூட்டைக்குள் கருவியைக் குத்திப் பார்ப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்து எடுத்து வா என்பார்கள். ஆனால் நெல்லுக்கு ஒரு யோகம் உண்டு. குவித்து வைத்த நேரத்தில் மழை கொட்டி நனைந்துபோனால், மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். எதிர்க்கட்சித் தலைவர் முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். மத்தியக் குழு விமானத்தில் வந்து, களத்தில் இறங்கி, மாதிரி எடுத்துப் போகும். இரண்டு மூன்று புள்ளி தளர்த்திக் கொடுத்ததும் உண்டு. நனைந்தது நெல்லின் குற்றமில்லை என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது. பிள்ளை நனைந்தால் மட்டும் அது பிள்ளையின் மந்தம், வாத்தியாரின் சோம்பல், அரசுப் பள்ளியின் தரம்.

நனைவது என்றால் என்னவென்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. அடுத்த மாதமே தஞ்சை மாவட்டத்துச் சிறுவன் ஒருவனைப் பெற்றோர் 36,000 ரூபாய்க்கு அடமானம் வைத்தது வெளியே வந்தது. வீடு போய்விட்டது, வேறு வழியில்லை என்றார்கள். நாகப்பட்டினத்தில் ஒரு நிலக்காரரிடம் வேலைக்கு நின்றிருந்த அவனை அதிகாரிகள் மீட்டுக் கொண்டுவந்தார்கள். ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க என்று டெல்டாச் சிறுவர்களை ஆண்டுக் கணக்கில் கொத்தடிமையாக விடுவதும், அவ்வப்போது சிலரை மீட்பதும் இந்தப் பக்கத்துச் செய்தித்தாளில் ஐந்தாம் பக்கச் சமாச்சாரம். அப்படி மீட்கப்பட்ட பிள்ளை மறுநாள் ஏழாம் வகுப்பில் உட்காரும். உட்கார்ந்ததும் அடைவுத் தேர்வு வரும். பிள்ளை 'அடிப்படை நிலைக்கும் கீழ்' என்று முடிவும் வரும். அளவுகோல் மிகச் சரியானது. பிழை சொல்ல முடியாது.

இந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா காலத்தில் பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்தார்கள். தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-ல்தான். தாத்தா காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி ஏற்றியதும் குற்றம். மேல்முறையீட்டில் நிலக்காரர்களை விடுதலை செய்தது நீதிமன்றம். அந்த வம்சத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்க உட்கார்ந்திருக்கும் முதல் அல்லது இரண்டாம் ஆள் இது. வேனில் போகிற பிள்ளையின் வீட்டில் கர்ணம் கணக்கு எழுதிய தாத்தாவுக்குத் தாத்தா உண்டு. இருவருக்கும் ஒரே கேள்வித்தாள். வேகம் குறைவாக இருக்கிறதாம்.

அமெரிக்காவில் 1966-ல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர், அரசாங்கம் கேட்டதன் பேரில் லட்சக்கணக்கான மாணவர்களைச் சோதித்து ஓர் அறிக்கை கொடுத்தார். பள்ளிக் கட்டடத்தையும் கருவிகளையும் விட, பிள்ளையின் வீடும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் என்பதும்தான் படிப்பை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். ஏறக்குறைய அதே நேரத்தில் இங்கே கோத்தாரி குழு உட்கார்ந்து, எல்லாருக்கும் பொதுப்பள்ளி, பக்கத்துப் பள்ளி என்று எழுதி வைத்தது. அந்த அறிக்கையை நாம் மிகவும் மதிக்கிறோம். பி.எட். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறோம்.

பிறகு 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒரே புத்தகம். நல்ல காரியம்தான், நானும் கைதட்டினேன். புத்தகம் சமமான மறு ஆண்டிலிருந்து மெட்ரிக் பள்ளிகள் ஒவ்வொன்றாக சிபிஎஸ்இ பலகையை மாட்டிக்கொண்டன. காலனிப் பிள்ளை வைத்திருக்கும் அதே புத்தகத்தை நம் பிள்ளையும் வைத்திருப்பதா! வேனின் பெயர் மாறியது, கட்டணம் ஏறியது, பெற்றோர் மனம் நிம்மதியானது.

இதிலே அரசாங்கம் செய்யும் வேடிக்கை தனி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு கட்டும். எட்டாம் வகுப்பு வரைக்கும் கட்டும். அதாவது நடுநிலைப்பள்ளியில் ஒரு பிள்ளை படிக்க வேண்டிய எட்டு ஆண்டுகளும், அந்தப் பிள்ளை அங்கே வராமல் இருப்பதற்காக அரசே காசு கொடுக்கிறது. இப்படிப் பிள்ளைகள் குறைந்து யாருமே சேராத பள்ளிகளை என்ன செய்வது? 2019-ல் அப்படி 46 பள்ளிகளை நூலகமாக்கப் போவதாகச் சொன்னார்கள். படிக்க ஆளில்லாத இடத்தில் படிக்கப் புத்தகம். இந்த நகைச்சுவைக்கு எழுத்தாளர் யாரும் தேவையில்லை, அரசாணையே போதும்.

டெல்லி இதிலும் ஒரு படி மேலே. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடு, அப்போதுதான் பணம் என்று 2024-25-க்கான ஒருங்கிணைந்த கல்வி நிதி 2,152 கோடி ரூபாயைப் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தச் சண்டையில் 2025-ல் 25 சதவீத இடத்துக்கான சேர்க்கையே மாதக்கணக்கில் இழுபட்டது. இரண்டு அரசுகளும் கொள்கைக்காகப் போராடின. போராட்டச் செலவு, நடந்து வரும் பிள்ளைகளின் கணக்கில்.

இன்னொரு பக்கம், 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே ஆறாம் வகுப்பு நிபந்தனை. உடனே டீக்கடைப் பெரியவருக்கு அரசுப் பள்ளியில் தரம் தெரிய ஆரம்பித்தது. "ஆறாப்புலேருந்து இங்கயே போட்டுறலாமுங்களா? டியூஷன் தனியா வச்சுக்குறோம்." அஞ்சாம் வகுப்பு வரை வேனில் போய்விட்டு, ஆறில் இறங்கி, அரசு ஒதுக்கீட்டையும் அள்ளிக்கொண்டு போகும் யோசனை. ஒன்றாம் வகுப்பிலிருந்து நடந்தே வந்த பிள்ளையோடு போட்டி போட இந்தப் பிள்ளைக்கும் இப்போது அரசுப் பள்ளிச் சான்றிதழ். தரம் எங்கேயிருந்து எங்கே வந்தது பாருங்கள்.

சோற்றுக்கு வருவோம். 1802-ல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் கட்டினார். அங்கே பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் சேர்ந்தே நடந்தன. ராஜா போட்டால் அது அன்னதானம், பரம்பரைப் பெருமை, கல்வெட்டு. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில், கருணாநிதி படித்த அதே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில், காலை உணவுத் திட்டத்தை 31,008 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் இரண்டு வேளை தின்கிறார்கள், அதனால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று ஒரு நாளேடு முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது.

நான் பல நாள் யோசித்திருக்கிறேன், அதை எழுதியவர் அன்று காலை எத்தனை இட்லி சாப்பிட்டிருப்பார் என்று. அச்சடித்த மறுநாள் அவர் வீட்டுக் கழிப்பறை எப்படி இருந்ததென்று எந்த நிருபரும் போய் எட்டிப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டவர்களின் மலத்தை யாரும் எண்ணியதில்லை, கல்யாணப் பந்தியில் மூன்றாவது முறை பாயசம் வாங்கியவர்களைப் பின்தொடர்ந்து போனதில்லை. ஏழைப் பிள்ளையின் வயிற்றுக்குள் மட்டும் நேராகத் தலையை விட்டுப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். அதைவிடக் கேவலம், டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "அவங்க சொல்றதும் நியாயம்தானே" என்று சிரித்த வாய்கள்.

சிரித்த அதே வாய்தான் இதையும் சொல்லும்: "பெயில் போடணுங்க. எட்டாவது வரைக்கும் பெயிலே இல்லேன்னா எப்படிப் படிப்பான்?" 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணையே போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட். எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரி 4-ல் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் பெயிலாக்கலாம் என்றது. தமிழ்நாடு மாட்டேன் என்றது. பெயில் போட்டால் யார் நிற்பார்கள் என்று பெரியவருக்கு நன்றாகவே தெரியும். சம்பா அறுவடைக்கு ஆள் கிடைக்காமல்தான் அவர் நாலு வருஷமாகத் தவிக்கிறார்.

ஆசிரியர்களை எல்லாம் ஒரே மூட்டையில் கட்டிப் போட்டுவிட முடியாது. சொந்தக் காசில் பெயின்ட் அடித்தவர்கள், ஒரே ஆளாக ஐந்து வகுப்பையும் மேய்ப்பவர்கள், வராத பிள்ளையைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய் நிற்பவர்கள் டெல்டாவில் இருக்கிறார்கள். அவர்களால்தான் பள்ளி இன்னும் மூடாமல் கிடக்கிறது. ஆனால் ஜூன் மாதச் சேர்க்கைப் பேரணியையும் பார்க்க வேண்டும். 'அரசுப் பள்ளியில் சேர்ப்போம், அரும் பயன் பெறுவோம்' என்று பேனர் பிடித்து, காலனித் தெருவில் மட்டும் சுற்றி வருவார்கள். மேலத்தெருப் பக்கம் பேரணி திரும்பாது. அங்கே போய்ப் பிரயோசனமில்லை என்று பேனருக்கே தெரியும். ஊர்வலம் மதகைத் தாண்டும்போது எதிரே மஞ்சள் வேன் வரும். பேனரின் ஒரு நுனியைப் பிடித்திருப்பவரைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு கை, "அப்பா!" என்று அசையும்.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையினர் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் பள்ளி உருப்படும். அந்தத் தீர்ப்பு உத்தரப் பிரதேசத்தில் காகிதத்திலேயே நின்றது. இங்கே நாம் அந்தத் தவறைக்கூடச் செய்யவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிக்காரரும் தான் அரசுப் பள்ளியில் படித்தவன் என்று நெஞ்சைத் தட்டுவார்கள். தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றில் முதல் அத்தியாயம் அரசுப் பள்ளிதான். பேரப்பிள்ளைகளின் அத்தியாயத்தில் அது வராது.

திருவாரூரில் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவேன் என்று சொல்லி இடம் வாங்கியதாகக் கருணாநிதி எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் பொதுப்பள்ளியின் கதவு அவ்வளவு கனமாக இருந்தது. இன்று வாத்தியார்தான் வீட்டு வாசலில் நின்று கெஞ்சுகிறார். குளத்தில் விழுந்துவிடுவேன் என்று அவர் மிரட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கும்பகோணம் காசிராமன் தெருவை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அரசுப் பள்ளி இல்லை, தனியார் பள்ளி; அரசு உதவி பெறுவது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். மாடியில் கீற்றுக்கூரை, கீழே சத்துணவு அடுப்பு, குறுகலான படிக்கட்டு. தீயில் போனது 94 பிள்ளைகள். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. வழக்கில் கல்வித்துறை அதிகாரிகளும் கூண்டில் நின்றார்கள். பத்து ஆண்டு கழித்து 2014 ஜூலை 30-ல் தீர்ப்பு. 2017-ல் உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையைக் குறைத்தது. அந்தப் பள்ளியிலும் வருகைப்பதிவேடு இருந்தது. அதிலும் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பிள்ளையைக் கணக்கில் வைத்துக்கொள்வதற்கும் பிள்ளைமேல் அக்கறை வைப்பதற்கும் உள்ள தூரத்தை அந்தத் தெரு தெரிந்துகொண்ட விதத்தில் வேறு எந்த ஊரும் தெரிந்துகொள்ள வேண்டாம். அதன் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றை எடுத்தோம். கீற்றை மட்டும்.

இனி நான் கேட்ட கட்டம். எமிஸில் இத்தனை கட்டம் இருக்கிறதே, ஒன்றே ஒன்று கூட்டுங்கள். ஒவ்வொரு பள்ளியின் பெயருக்கும் எதிரே, அந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருந்தும் அங்கே படிக்காத பிள்ளைகள். ஊராட்சித் தலைவரின் பிள்ளை எங்கே படிக்கிறது, ஒன்றியக் கவுன்சிலரின் பேரன் எங்கே, விஏஓ, கூட்டுறவுச் செயலாளர், வட்டாரக் கல்வி அலுவலர், தலைமை ஆசிரியர், சட்டமன்ற உறுப்பினர், அரசுச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவர் வீட்டுப் பிள்ளையும் எந்தப் பள்ளி, என்ன கட்டணம். கிராம சபையில் வாசியுங்கள். பள்ளிச் சுவரில், திருக்குறளுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். அடைவுத் தேர்வு முடிவை அந்தப் பட்டியலோடு சேர்த்து ஒரே தாளில் வெளியிடுங்கள். அதற்கப்புறம் டீக்கடையில் யார் வேண்டுமானாலும் தரத்தைப் பற்றிப் பேசட்டும்.

எமிஸில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டிருந்த ஓர் ஊழியரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, நிஜமாகவே பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"ஐயோ, அது எப்படிங்க சார் கேக்க முடியும்? அதெல்லாம் அவங்க பர்சனல் இல்லீங்களா?"

சொல்லிவிட்டுத் திரும்பி, முன்னால் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டார்: "சத்தமா சொல்லு. என்ன சாதி? உங்கப்பா வருஷத்துக்கு எவ்வளவு சம்பாரிக்குறாரு?"